சேப்பலை வீடாக்கிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரே கிராமத்தில் இரண்டு, மூன்று மெதடிஸ்ட் சேப்பல்களை (மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவப் பிரிவினரின் வழிபாட்டுக் கூடங்களை)ப் பார்க்கலாம். வெஸ்லியன், பிரிமிட்டிவ், யுனைடெட் என்று பிரிந்திருந்த சபைகள் 1932-இல் ஒன்றாக இணைந்தபோது பல கட்டடங்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. வழிபட வருவோர் குறையக் குறைய இன்றும் அவை விற்பனைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அப்படி வாங்கி வீடாக்கியவர்கள் பழுதுபார்க்க என்னை அழைத்துச் சொல்லும் குறைகள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. அதனால் அறிகுறிகளை வரிசைப்படுத்தி, செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறேன். கல் சுவரும் சிலேட் கூரையும் கொண்ட 19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களை மனத்தில் வைத்து எழுதியது இது. ஆங்கிலிக்கன் தேவாலயங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கையில் இருக்க வேண்டியவை: பைனாகுலர், டார்ச், முகம் பார்க்கும் சிறு கண்ணாடி, பேனாக்கத்தி, தூக்குக்குண்டு, மரத்தின் ஈரம் அளக்கும் கருவி, அறையின் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் மலிவான மீட்டர்.

எதிலும் கை வைப்பதற்கு முன் கட்டடம் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வழிபாட்டில் இருந்தவரை சபைக்கு இருந்த விலக்கு விற்பனையோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி மாற்றம் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முந்தைய உரிமையாளர் அனுமதியில்லாமல் செய்ததைத் திருத்தச் சொல்லும் நோட்டீஸும் உங்கள் பெயருக்கே வரலாம். ஆகவே வாங்கும்போதே பழைய அனுமதிக் கடிதங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி 1: சுவரின் மேற்பகுதியில் ஈரக்கறை, மழைக்குப் பின் கருக்கிறது

மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையோடு வெளியே போய்ப் பாருங்கள். வெயிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே கறை இருக்கும் இடத்துக்கு நேர் வெளியே நின்று, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று மேலிருந்து கீழாகக் கண்ணால் தொடருங்கள்.

*பீலி (கூரையோரம் மழைநீரை ஏந்தும் வாய்க்கால்) விளிம்பு வழிந்தால்:* அடைப்பு. இலை, பாசி, புறா எச்சம் இவற்றை வாளியில் அள்ளினால் பாதி வீடுகளில் பிரச்சினை அத்தோடு முடிந்துவிடும். இலையுதிர் காலம் முடிந்ததும் ஒரு முறை, வசந்தத்தில் ஒரு முறை சுத்தம் செய்யுங்கள்.

*அடைப்பில்லை, ஆனாலும் பீலியின் அடியில் சொட்டுகிறது:* யார்க்‌ஷயரில் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இங்கே பல சேப்பல்களில் பீலி இரும்பாலானதல்ல. கல் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கும், நடுவில் குடைந்த நீண்ட மரக்கட்டை அது. உள்பக்கம் தார் பூசிக்கொண்டே வந்திருப்பார்கள். ஏணியில் ஏறிப் பார்த்தால் தார் பளபளவென்று முழுசாக இருக்கும், வெளிப்பக்கத்தில் வர்ணமும் இருக்கும். பேனாக்கத்தியை அடிப்பக்கம் வைத்து அழுத்துங்கள். கத்தி கைப்பிடி வரை இறங்கினால், இரண்டு பூச்சுகளுக்கும் நடுவே மரம் என்று எதுவும் மிஞ்சவில்லை என்று பொருள். கட்டைகள் சேரும் இடங்களிலும் தாங்கிக்கு நேர் மேலேயும்தான் முதலில் போகும். மேலும் ஒரு கோட் தார் அடிப்பது வீண். அந்தத் துண்டை மாற்ற வேண்டும்.

*சுவரில் பச்சைக் கோடு நெடுக்காக இறங்கினால்:* மழைநீர்க் குழாய். பழைய வார்ப்பிரும்புக் குழாய்களைச் சுவரோடு ஒட்டிப் பொருத்தியிருப்பார்கள். முன்பக்கம் நூறாண்டுகளாக வர்ணம் கண்டிருக்கும். பின்பக்கத்தில் தூரிகையே பட்டிராது, அங்கேதான் துருவேறிப் பிளக்கும். சிறு கண்ணாடியைக் குழாய்க்குப் பின்னால் நீட்டி டார்ச் அடித்துப் பாருங்கள். பிளந்திருந்தால் மாற்றுங்கள். புதியதைப் பொருத்தும்போது தூரிகை நுழையும் அளவுக்காவது சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

*பீலியும் குழாயும் சரி, கறை மட்டும் இருக்கிறது:* கூரைக்குப் போங்கள். பகலில் கூரையின் உட்பக்கம் ஏறி விளக்கை அணைத்துவிட்டு வெளிச்சப் புள்ளிகளைத் தேடுங்கள். வெளியே பைனாகுலரில், வரிசை தவறிச் சரிந்த சிலேட்டுகளைப் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் என்றால் கூரை வேலைக்காரர் ஒரு செப்புப் பட்டை கொடுத்துத் திரும்ப மாட்டிவிடுவார். அங்கங்கே பல சரிந்திருந்தால் அந்தக் காலத்து இரும்பு ஆணிகள் துருப்பிடித்து ஒன்றன்பின் ஒன்றாக அற்றுக்கொண்டிருக்கின்றன. இனி ஒட்டுவேலை உதவாது. கழற்றிச் செப்பு ஆணியால் மறுபடி வேய வேண்டும். சிலேட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அதையே திரும்பப் போடச் சொல்லுங்கள்.

கூரையின் அடியில் நுரை பீய்ச்சி ஒட்டித் தருகிறோம் என்று வருபவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். சிலேட், ஆணி, சட்டம் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். அடியில் மரம் நனைவது கண்ணுக்கே தெரியாது. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் பல அத்தகைய கூரையைக் கண்டால் தயங்குகின்றன.

*கறை கோபுரத்தை ஒட்டியோ, இரண்டு கூரைகள் சந்திக்கும் பள்ளத்தின் அடியிலோ இருந்தால்:* ஈயத் தகடு. வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும் உலோகம் அது. நீளமான ஒரே தகடாகப் போட்டிருந்தால் சில ஆண்டுகளில் நடுவே வெடிக்கும். வெடிப்பின் மேல் தார்ப் பசை தடவினால் ஒரு குளிர்காலம் தாங்கலாம், ஆனால் அந்த ஈயத்தைப் பிறகு பற்றவைக்க முடியாது. சிறு சிறு தகடுகளாகப் படிவைத்துப் போடுவதே தீர்வு. தகடே காணாமல் போயிருந்தால் திருட்டு. போலீஸில் பதிவு செய்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே சொல்லுங்கள்.

வல்லுநரை அழைக்கும் எல்லை: சாதாரண ஏணிக்கு மேல் உள்ள எதுவும். கோபுரம், கூரைப் பள்ளம், ஈயம் மூன்றையும் நீங்களே தொடாதீர்கள்.

அறிகுறி 2: சுவரின் அடியில் ஓதம், உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது

பணம் அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான். ஓதம் என்றதும் சுவரில் துளை போட்டு ரசாயனம் செலுத்தும் கம்பெனியை அழைத்துவிடுகிறார்கள். அவர்கள் மின்முனை மீட்டரைச் சுவரில் வைத்துச் சிவப்பு விளக்கைக் காட்டுவார்கள். அந்த மீட்டர் மரத்துக்கென்று அளவிடப்பட்டது. சுவரில் உப்பு இருந்தால் காய்ந்த சுவரிலும் சிவப்புக் காட்டும். மேலும் இந்தச் சுவர்கள் அரை மீட்டருக்கு மேல் பருமன், இருபுறமும் கல், நடுவே உடைகல்லும் சாந்தும் அடைத்தவை. அந்த இடைவெளிகளுக்குள் ரசாயனம் ஓர் அடுக்காகப் படிந்து தண்ணீரைத் தடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

வரிசையாக இவற்றைப் பாருங்கள்.

1. வெளியே மண் மட்டம். உள்தரையைவிட வெளிமண் 150 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். கல்லறைகளும் பாதைகளும் ஏறி ஏறி, பல இடங்களில் மண் உள்தரைக்கு மேலேயே நிற்கிறது. மண்ணை வெட்டித் தாழ்த்தினாலே சுவர் காயத் தொடங்கும். ஆனால் அந்த நிலத்தில் அடக்கம் நடந்திருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மனித எலும்பு தென்பட்டால் மண்வெட்டியைக் கீழே வையுங்கள். அதை இடம் மாற்ற நீதித்துறை அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். சட்டத்தை விடுங்கள், அது ஒருவருடைய பாட்டனாரின் உடல்.

2. குழாயின் அடி. மழைநீர்க் குழாயில் தோட்டத்து ஹோஸைப் பத்து நிமிடம் விடுங்கள். அடியில் தண்ணீர் தேங்கினால் நிலத்தடி வடிகால் உடைந்திருக்கிறது அல்லது வேர் புகுந்திருக்கிறது. கேமரா விட்டுப் பார்க்கும் ஆளை அழையுங்கள்.

3. கல் இடுக்குகளில் சிமெண்ட். கன்னத்தைச் சுவரோடு ஒட்டிவைத்து, வெளிச்சுவரைப் பக்கவாட்டில் பாருங்கள். சாந்துக் கோடுகள் கல்லைவிட முன்னே துருத்தி நிற்கின்றனவா? கல்லின் முகம் தூளாகி உதிர்ந்து, சிமெண்ட் மட்டும் கூண்டுக் கம்பிகளைப்போல நிற்பதைப் பல சுவர்களில் காணலாம். அந்தக் குழிக்குள் விரல் நுனி மணலோடு திரும்பும். சுவருக்குள் புகுந்த ஈரம் சாந்து வழியே வெளியேற வேண்டியது. சாந்தைச் சிமெண்டால் அடைத்துவிட்டதால் அது கல் வழியே வெளியேறுகிறது, பனிக்காலத்தில் கல்லை உடைத்துக்கொண்டு. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824-இல் காப்புரிமை வாங்கிய ஜோசப் ஆஸ்ப்டின் இதே யார்க்‌ஷயரின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார். நல்ல பொருள்தான், ஆனால் இந்தச் சுவர்களில் அதற்கு இடமில்லை. செட்டிநாட்டுச் சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசிக் கெடுத்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

   மாற்றும் விதம்: உளியும் சிறு சுத்தியும் கொண்டு, இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்காவது எடுக்க வேண்டும். மின்சார அறுப்பான் வைத்தால் கல்லின் ஓரம் போய்விடும், அதற்குப் பரிகாரமே இல்லை. பிறகு இயற்கை நீரியல் சுண்ணாம்பும் (தண்ணீர் பட்டால் இறுகும் வகை, NHL) கூர்மணலும் (சொரசொரப்பான மணல்) கலந்த சாந்து. வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் தொடவே கூடாது. முடித்த சுவரின் மேல் நனைத்த கோணியைத் தொங்கவிட்டு மெல்லக் காயவிட வேண்டும். அக்டோபரில் வேலையைத் தொடங்கலாம் என்று சொல்லும் கொத்தனாரிடம் ஏப்ரலில் வரச் சொல்லுங்கள்.

4. உட்புறப் பூச்சு. சுவரில் தண்ணீரைத் தெளியுங்கள். உறிஞ்சிக்கொண்டால் சுண்ணாம்பு உயிரோடு இருக்கிறது. முத்து முத்தாக நின்றால் பிளாஸ்டிக் வர்ணமோ நீர்ப்புகாப் பூச்சோ மூடியிருக்கிறது. அதை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும் அடியுங்கள்.

5. புதிய கான்கிரீட் தரை. பழைய கல் தரையைப் பெயர்த்து, பிளாஸ்டிக் தாள் விரித்துக் கான்கிரீட் போட்டிருந்தால், முன்பு தரை முழுவதும் பரவி வெளியேறிய ஈரம் இப்போது ஓரங்களுக்குத் தள்ளப்பட்டுச் சுவரில் ஏறுகிறது. இதைச் சரிசெய்வதுதான் எல்லாவற்றிலும் அதிகச் செலவு. அதனால் மேலே சொன்ன நான்கையும் முடித்துக் காத்திருந்து பார்த்த பிறகே தரையைத் தொடுங்கள்.

காத்திருப்பது எவ்வளவு? ஓர் அங்குலச் சுவர் காய ஒரு மாதம் என்பது இங்குள்ள தோராயக் கணக்கு. இரண்டடிச் சுவர் இருபுறமும் காய்ந்தாலும் ஓராண்டு ஆகும். இரண்டே மாதத்தில் “சரியாகவில்லை” என்று அடுத்த வைத்தியத்துக்குத் தாவாதீர்கள். அதற்குப் பின்னும் ஓதம் ஏறினால் பொருள் எதையும் விற்காத, பழங்கட்டடங்களில் அங்கீகாரம் பெற்ற சர்வேயர் ஒருவரை வையுங்கள். 1877-இல் வில்லியம் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொலைபேசியில் இலவச ஆலோசனை தருகிறது. அங்கே முதலில் கேட்பது நல்லது.

அறிகுறி 3: மழையே இல்லை, மேலிருந்து சொட்டுகிறது

குளிர்ந்த காலையில் மட்டும் சொட்டினால் அது கூரை ஒழுகல் அல்ல. உங்கள் குடும்பத்தின் மூச்சும் சமையலும் குளியலும்தான். நான்கு பேர் கொண்ட வீட்டில் நாளொன்றுக்குப் பத்து லிட்டர் வரை தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேரும். அது உயரே போய்க் குளிர்ந்த பலகையில் படிகிறது.

சோதனை எளிது. ஈரம் தெரியும் இடத்தில் ஒரு துண்டு அலுமினியத் தாளை நான்கு ஓரமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறைப்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம். பின்பக்கம் நனைந்தால் கட்டடத்துக்குள்ளிருந்து வருவது, அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

காற்றின் ஈரம் என்றால்: சமையலறை, குளியலறைக் காற்று வெளியே போகும் குழாய் உண்மையிலேயே வெளியே போகிறதா என்று பாருங்கள். கூரையின் உட்பக்கத்தில் திறந்துவிட்டிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். துணியை உள்ளே காயப்போடாதீர்கள். ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே நிற்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். வார இறுதியில் மட்டும் சூடேற்றுவதைவிட நாள் முழுவதும் இளஞ்சூடாக வைப்பது இந்தப் பெரிய மண்டபங்களுக்கு ஏற்றது.

இத்தனைக்குப் பிறகும் சொட்டினால், கூரைச் சரிவில் வெப்பத்தடுப்புப் பஞ்சை இடைவெளி விடாமல் திணித்திருப்பார்கள். சிலேட்டுக்கும் பஞ்சுக்கும் நடுவே காற்று ஓட வழி வேண்டும். அதைத் திறந்து பார்ப்பது தச்சர் வேலை. கைமரம் நனைந்திருக்க வாய்ப்பு உண்டு, தள்ளிப்போட வேண்டாம்.

அறிகுறி 4: மரத்தரை மெத்தென்று இறங்குகிறது, காளான் வாடை

இருக்கை வரிசைகள் நின்ற மேடைகளின் அடியில் காற்றோட்டம் மிகக் குறைவு. வெளிச்சுவரின் அடியில் உள்ள காற்றுத் துளைகளை மண்ணோ, பூச்சோ அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துத் திறந்துவிடுங்கள். பிறகு ஒரு பலகையைத் தூக்கி மரத்தின் ஈரத்தை அளந்து பாருங்கள்.

- 20 விழுக்காட்டுக்குக் கீழ்: மரம் பிழைத்துக்கொள்ளும்.
- அதற்கு மேல், மரம் கருத்து நார் நாராக வருகிறது: ஈர அழுகல். தண்ணீர் வரும் வழியை அடைத்து, கெட்ட பகுதியை மட்டும் வெட்டி மாற்றுங்கள்.
- மரம் கட்டம் கட்டமாக வெடித்திருக்கிறது, பஞ்சு போன்ற சாம்பல் நிறப் படலம், செங்கல் நிறத் தூள்: உலர் அழுகல். இது கல் சுவரைக் கடந்து போய் அடுத்த மரத்தைப் பிடிக்கும். அன்றே வல்லுநரை அழையுங்கள். ஆனால் சுற்றியுள்ள அழகிய பைன் பலகைகளையெல்லாம் பெயர்த்தெறியச் சொன்னால் இரண்டாவது ஒருவரிடமும் கேளுங்கள். ஈரம் நின்றால் பூஞ்சையும் நிற்கும்.

மரத்தில் சிறு துளைகள் மட்டும் இருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் என்றோ உளுத்து நின்றுபோனவை. வசந்தத்தில் துளைகளுக்கு அடியில் கறுப்புக் காகிதம் விரித்துவையுங்கள். கோடையில் அதன் மேல் வெளிர் நிறப் புதுத் தூள் இருந்தால் மட்டுமே மருந்தைப் பற்றிப் பேச வேண்டும்.

அறிகுறி 5: சுவரில் வெடிப்பு

அளவைவிட அசைவு முக்கியம். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். அகலத்தை மாதம் ஒருமுறை அளந்து குறித்துவையுங்கள். களிமண் நிலம் கோடையில் சுருங்கி மழையில் உப்பும். ஆகவே ஒரு முழு ஆண்டு பார்த்தால்தான் தெரியும்.

5 மி.மீ.க்குக் குறைவு, மாற்றமில்லை என்றால் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து முடியுங்கள். வளர்கிறது என்றால் பக்கத்து வடிகால் கசிகிறதா, பெரிய மரம் இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். களிமண் திடீரென்று உப்பி வெடிப்பைப் பெரிதாக்கும். பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் மன்றத்துக்கு ஆறு வாரம் முன்னரே அறிவிக்கவும் வேண்டும்.

மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருந்தால், சுவரின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விடுங்கள். சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் கூரை அதைத் தள்ளுகிறது. உள்ளே இடைத்தளம் போட்டபோது தலை இடிக்கிறது என்று யாராவது குறுக்கு உத்தரத்தையோ இரும்புக் கம்பியையோ அறுத்திருக்கிறார்களா? வெளிச்சுவரில் எஸ் அல்லது பெருக்கல் குறி வடிவ இரும்புத் தகடு இருந்து, உள்ளே அதற்குரிய கம்பி இல்லையென்றால் விடை கிடைத்துவிட்டது.

அங்கே நிறுத்துங்கள். சாய்ந்த சுவர், 15 மி.மீ. தாண்டிய வெடிப்பு, புதிதாக இறுகித் திறக்க மறுக்கும் கதவு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பழங்கட்டடங்களில் அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளர் வரும்வரை அந்தப் பக்கம் யாரும் படுக்கக்கூடாது.

அறிகுறி 6: வண்ணக் கண்ணாடி உப்பி நிற்கிறது

கண்ணாடியின் மேல் ஒரு நேர்க்கோலை வைத்து உப்பலைப் பாருங்கள். கண்ணாடியைக் குறுக்கு இரும்புக் கம்பியோடு கட்டும் செப்புக் கம்பிகள் அற்றிருந்தால், கண்ணாடித் தொழிலாளி அங்கேயே மறுபடி கட்டிவிடுவார். இரும்பின் முனை துருப்பிடித்து வீங்கிக் கல்லைப் பிளந்திருந்தால் முனையை மட்டும் துருவேறா எஃகாக மாற்றலாம். வெளியே பிளாஸ்டிக் தகடு போட்டு நாலாபுறமும் அடைத்திருந்தால் மேலும் கீழும் காற்றுக்கு வழிவிடுங்கள், நடுவே சேரும் ஈரம் கண்ணாடித் துண்டுகளைச் சேர்க்கும் ஈயத்தையும் வர்ணத்தையும் தின்றுகொண்டிருக்கும். சிலிக்கான் பசையோடு கிட்டேயே போகாதீர்கள். கண்ணாடித் துண்டு விழுந்துவிட்டால் ஒரு சில்லையும் எறியாமல் உறையில் போட்டு வையுங்கள்.

அறிகுறி 7: சூடேற்றியும் கால் குளிர்கிறது, பேச்சு எதிரொலிக்கிறது

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கதவோரம், தரைக் கம்பிவலை, மணிக்கயிறு இறங்கும் துளை எல்லாவற்றிலும் காட்டுங்கள். புகை இழுபடும் இடங்களை அடைப்பதும் வாசலுக்குக் கனத்த திரை போடுவதும்தான் முதல் வேலை. கூரையுச்சியைச் சூடாக்கும் காற்று ஹீட்டரைவிட ஆளை நேரே சூடாக்கும் கதிர்வீச்சு ஹீட்டர் நல்லது. தரைக்கடியில் சுடுநீர்க் குழாய் கடைசிப்படி. சுண்ணாம்புக் கான்கிரீட்டில் அதைப் பதிக்கலாம், செலவுதான் பெரிது.

பழைய சூடேற்றும் குழாய்களில் வெள்ளையாகக் கட்டுப் போட்டதுபோல் உறை இருந்தால் தொடாதீர்கள். பிரிட்டன் 1999-இல் தடைசெய்த ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உரிமம் பெற்றவர் மட்டுமே எடுக்க வேண்டும்.

எதிரொலிக்குக் கம்பளம், திரை, சுவர் நிறையப் புத்தக அலமாரி. பெரும்பாலும் அதுவே போதும்.

அறிகுறி 8: சன்னலடியில் கறுப்பு எச்சம்

விரலில் தாள் சுற்றி நசுக்குங்கள். கெட்டியாக இருந்தால் எலி. பொடிப்பொடியாக உதிர்ந்து, பூச்சிச் சிறகின் மினுமினுப்புத் தெரிந்தால் வௌவால். இங்கே எல்லா வௌவால் இனங்களும் அவற்றின் இருப்பிடங்களும் சட்டப் பாதுகாப்புக் கொண்டவை. அவை வெளியே போயிருக்கும் நேரத்தில் துளையை அடைப்பதும் குற்றம்தான். கூரை, கல் இடுக்கு, கோபுரம் எதில் வேலை இருந்தாலும் சாரம் கட்டுவதற்கு முன்பே வௌவால் பாதுகாப்பு அறக்கட்டளையின் தொலைபேசி உதவியை நாடுங்கள். அவை குட்டி போட்டு வளர்க்கும் கோடை மாதங்களைத் தவிர்த்து வேலையைத் திட்டமிடச் சொல்வார்கள். சுண்ணாம்பு வேலைக்கும் பனி ஆகாது என்பதால் பலருக்கு மிஞ்சுவது வசந்தத்தின் சில வாரங்களும் இலையுதிர்காலத் தொடக்கமும் மட்டுமே. கொத்தனாரை அந்த வாரங்களுக்கு முந்தைய ஆண்டே பேசிவையுங்கள்.